ஸ்கெட்ச்சில் எந்த அளவு எதற்குக் கட்டுப்படும்?

200 மி.மீ. நீளமுள்ள ஜிடி2 குளோஸ்டு பெல்ட் ஒன்று, 20 பல் புல்லி இரண்டு, நெமா 17 ஸ்டெப்பர் மோட்டார் ஒன்று. இவற்றுக்கு ஒரு அலுமினிய பிளேட் வரைய வேண்டும். பிளேட்டின் ஒரு பக்கம் மோட்டார் உட்காரும். மறுபக்கம் 608 பேரிங்கில் ஷாஃப்ட் சுழலும். கணினி வரைவு (கேட்) படித்த யாரும் பத்து நிமிடத்தில் வரைந்துவிடக்கூடிய வேலைதான்.

பெரும்பாலானோர் இரண்டு வட்டங்களைப் போட்டு, மையத்துக்கு மையம் 80 என்று அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். 80 என்பது சரியான எண்தான். ஜிடி2 பெல்ட்டில் ஒரு பல்லுக்கு 2 மி.மீ., ஆகவே 20 பல் புல்லியின் சுற்றளவு 40 மி.மீ. இரண்டு புல்லியிலும் பெல்ட் பாதிப் பாதி சுற்றுகிறது; அதில் மொத்தம் 40 போய்விடும். மீதி 160. மேலே ஒரு நேர்கோடு, கீழே ஒரு நேர்கோடு, ஆளுக்கு 80. கணக்கு முடிந்தது.

ஆனால் அந்தக் கணக்கு ஃபைலில் இல்லை. அங்கே இருப்பது 80 என்ற வெறும் எண். ஆறு மாதம் கழித்து இரண்டு புல்லியையும் 16 பல்லுக்கு மாற்றினால், மையத் தூரம் 84 ஆக வேண்டும். இதை ஸ்கெட்ச் உங்களுக்குச் சொல்லாது. பிளேட்டை வெட்டி, துளை போட்டு, பெல்ட்டை மாட்டும்போதுதான் அது தொளதொளவென்று தொங்குவது தெரியும்.

சார்ந்த அளவுகளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பயிற்சி வகுப்புகளில் இதை ஒரு மெனு கட்டளையாக மட்டும் காட்டிவிட்டுக் கடந்துபோகிறார்கள் என்பது என் ஆதங்கம். என்னைக் கேட்டால், பாராமெட்ரிக் கேட் என்ற முழு விஷயமும் இதில்தான் அடங்கியிருக்கிறது. இங்கே ஃப்ரீகேடை வைத்துச் சொல்கிறேன். இலவசம், யாரும் இறக்கிப் பார்க்கலாம். சாலிட்வொர்க்ஸ், ஃப்யூஷன், இன்வென்டர் எதில் வேலை செய்தாலும் சாரம் மாறாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "இந்த அளவு மற்றதைச் சார்ந்தது" என்று சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்களைச் சேர்த்தே சொல்கிறோம்.

ஒன்று, ரெஃபரன்ஸ் அளவு. இது எதையும் பிடித்து வைக்காது. அளந்து காட்டுவதோடு சரி. செங்கோண முக்கோணம் ஒன்றில் ஒரு பக்கம் 30, இன்னொன்று 40 என்று கொடுத்துவிட்டால் மூன்றாவது பக்கம் 50 ஆகத்தான் இருக்க முடியும். அதற்கும் 50 என்று டிரைவிங் அளவு (வடிவத்தைப் பிடித்து வைக்கும் அளவு) கொடுத்தால், முரண்பாடு இல்லை, ஆனால் தேவையற்றது என்று, கட்டுப்பாடுகளைக் கணக்கிட்டுத் தீர்க்கும் சால்வர் சொல்லும். 51 என்று கொடுத்தால் முரண்பாடு என்றே சொல்லும். ரெஃபரன்ஸாக மாற்றினால் இரண்டு தொல்லையும் இல்லை. 30ஐ 36 ஆக்கினால் அது தானாகவே 53.81 என்று காட்டும். ஃப்ரீகேட் வழக்கமாக டிரைவிங் அளவைச் சிவப்பிலும் ரெஃபரன்ஸை நீலத்திலும் காட்டுகிறது. சாலிட்வொர்க்ஸில் சாம்பல் நிறம். ஃப்யூஷனில் அடைப்புக்குறிக்குள் வரும்.

இன்னொன்று, எக்ஸ்பிரஷன் கொடுத்த அளவு. இது டிரைவிங் அளவேதான், வடிவத்தைப் பிடித்து வைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் அதன் மதிப்பு வேறொரு அளவிலிருந்து கணக்கிட்டு வருகிறது. அளவுப் பெட்டியில் சமக்குறியை அடித்தால் ஃபார்முலா எழுதும் ஜன்னல் திறக்கும். எழுதி முடித்ததும் அந்த அளவு ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிடும்.

நீலம் வடிவத்தைப் பார்த்து எண்ணைச் சொல்கிறது. ஆரஞ்சு எண்ணைக் கேட்டு வடிவத்தை மாற்றுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. இந்தத் திசை மனதில் தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நம் பிளேட்டுக்கு வருவோம். ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் பெல்ட்டின் பல் எண்ணிக்கை 100, புல்லியின் பல் 20, ஒரு பல்லின் தூரம் 2 மி.மீ. என்று மூன்று கட்டங்கள். மூன்றுக்கும் புரியும்படி பெயர் வைத்துவிடுங்கள். ஸ்கெட்ச்சில் மையத் தூரத்துக்கு எழுத வேண்டிய எக்ஸ்பிரஷன் இதுதான்: பெல்ட் பல்லிலிருந்து புல்லி பல்லைக் கழித்து, பல் தூரத்தால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். நூறில் இருபது போக எண்பது, பெருக்கினால் 160, வகுத்தால் 80. இனி 20ஐ 16 ஆக்கினால் துளைகள் தாமாகவே 84க்கு நகரும்.

நான் பெல்ட்டின் நீளத்தை எழுதாமல் பல் எண்ணிக்கையை எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். இந்தப் பெல்ட்டில் 187 மி.மீ. நீளம் என்ற ஒன்று இருக்கவே முடியாது. பல் முழு எண், ஆகவே நீளம் இரட்டைப்படையில்தான் வரும். மூல அளவாக எதை எடுப்பது என்று யோசிக்கும்போது, பொருள் உண்மையில் எந்த அலகில் கிடைக்கிறதோ அதையே எடுத்துக்கொள்வது நல்லது. தகடு என்றால் தடிமன், போல்ட் என்றால் அதன் சைஸ், பெல்ட் என்றால் பல்.

அப்படியானால் எப்போதும் பெல்ட்தான் தீர்மானிக்குமா? இல்லை, இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

பழைய மெஷின் ஒன்றில் ஷாஃப்ட் ஏற்கெனவே ஓரிடத்தில் இருக்கிறது, மோட்டார் மாட்டும் இடமும் முடிவாகிவிட்டது என்று வையுங்கள். அளந்தால் மையத் தூரம் 73.5. இப்போது அதே சமன்பாடு தலைகீழாகிறது. மையத் தூரம் டிரைவிங், பெல்ட் நீளம் பின்தொடர்வது. 73.5ஐ இரண்டால் பெருக்கி 40ஐச் சேர்த்தால் 187. அப்படி ஒரு பெல்ட் இல்லை. கடையில் 188 கிடைக்கும், அதற்கு மையத் தூரம் 74 வேண்டும். ஆக அரை மில்லி மீட்டருக்கு மோட்டார் துளைகளை நீள்துளையாக்க வேண்டும், அல்லது ஐட்லர் ஒன்று சேர்க்க வேண்டும். இந்த முடிவை எந்தச் சால்வரும் எடுக்காது. ஸ்பிரெட்ஷீட்டில் 187 என்ற எண்ணைப் பார்த்து நாம்தான் எடுக்க வேண்டும்.

சமன்பாடு ஒன்றே. யார் தீர்மானிப்பவர், யார் பின்தொடர்பவர் என்பது கணிதத்தில் இல்லை. எது கையில் இருக்கிறது, எது இனிமேல்தான் செய்யப்படப்போகிறது என்பதில் இருக்கிறது. கையில் இருப்பதை மாற்ற முடியாது, ஆகவே அதுதான் மூலம். ஸ்கெட்ச்சைத் திறக்கும் முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். வரைந்து முடித்த பிறகு திசையைத் திருப்புவது என்பது கிட்டத்தட்ட மறுபடி வரைவதுதான்.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன எளிய ஃபார்முலா இரண்டு புல்லியும் ஒரே அளவாக இருந்தால் மட்டுமே செல்லும். ஒரு பக்கம் 20 பல், மறுபக்கம் 60 பல் என்று போனால், சராசரி 40 பல் என்று எடுத்துக்கொண்டு அதே ஃபார்முலாவில் போட்டால் மையத் தூரம் 60 என்று வரும். உண்மையில் பெல்ட் சாய்வாக ஓடுகிறது. பெரிய புல்லியைப் பாதிக்கும் மேலாகவும் சின்னதைப் பாதிக்கும் குறைவாகவும் சுற்றுகிறது. சரியாகக் கணக்கிட்டால் சுமார் 58.6தான். 1.4 மி.மீ. வித்தியாசத்தில் அந்தப் பெல்ட் மாட்டவே மாட்டாது. எக்ஸ்பிரஷன் எழுதும்போது அது எந்த எல்லை வரை செல்லும் என்பதையும் பக்கத்துக் கட்டத்தில் எழுதி வையுங்கள். "இரண்டு புல்லியும் சமம் என்றால் மட்டும்" என்ற ஒரு வரி போதும்.

சார்பு என்றதும் எல்லாவற்றுக்கும் ஃபார்முலா எழுதும் பழக்கமும் சிலருக்கு வந்துவிடுகிறது. கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஒரு மோட்டார் பிராக்கெட்டைக் காட்டினார். ஸ்கெட்ச் முழுக்க ஆரஞ்சு.

"அண்ணே, ஒரு நம்பர் கூட நேரா அடிக்கல. எல்லாமே ஃபார்முலாதான்."

"சரி தம்பி, இந்த 15.5 எங்கிருந்து வருது?"

"31ஐ ரெண்டால வகுத்திருக்கேன்ணே. மோட்டார் துளை நடுவுலருந்து."

நெமா 17 மோட்டாரின் நான்கு திருகுத் துளைகளும் 31 மி.மீ. சதுரத்தின் மூலைகளில் இருக்கும். அவர் ஒவ்வொரு துளைக்கும் மையத்திலிருந்து கிடைமட்டமாக ஒன்று, செங்குத்தாக ஒன்று என்று எட்டு எக்ஸ்பிரஷன் எழுதியிருந்தார். எட்டும் சரி. ஆனால் தேவை ஒன்றுகூட இல்லை. மையத்தைச் சுற்றி ஒரு துணைச் சதுரம் வரைந்து, எதிர் மூலைகளை மையத்துக்குச் சமச்சீராக்கி, இரண்டு பக்கத்தையும் சமமாக்கி, ஒரே ஒரு 31 அடித்தால் போதும். துளை மையங்கள் மூலைகளில் ஒட்டிக்கொள்ளும். நான்கு துளைகளின் விட்டத்துக்கும் ஒரே சமக் கட்டுப்பாடு.

வடிவ உறவால் சொல்ல முடிந்ததை ஃபார்முலாவால் சொல்லக் கூடாது என்பது என் திடமான கருத்து. சமச்சீர், சமம், இணை, தொடுகோடு, ஒரே மையம் இவையெல்லாம் சார்புகள்தான், எண் இல்லாத சார்புகள். அவை தவறாக எழுதப்பட வாய்ப்பில்லை. ஃபைலைத் திறப்பவர் கண்ணாலேயே பார்த்துப் புரிந்துகொள்வார். ஃபார்முலாவோ ஒரு பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. இயற்பியல் அல்லது கடையில் கிடைக்கும் பொருள் ஒரு உறவைத் திணிக்கும்போது மட்டும் அதைக் கூப்பிடுங்கள். பெல்ட் அப்படிப்பட்டது. தகடு வளைவின் நீளம் அப்படிப்பட்டது. 31இன் பாதி அப்படிப்பட்டதல்ல.

இந்தச் சிந்தனை புதிதல்ல. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து ஸ்கெட்ச்பேட் என்ற தன் ஆய்வைச் சமர்ப்பித்தார். லைட் பேனாவால் திரையில் கோடு போட்டு, இந்த இரண்டும் இணை, இந்த இரண்டும் சமம் என்று சொன்னால் டிஎக்ஸ்-2 கணினி அதைக் காப்பாற்றும். இன்று நாம் தட்டும் கன்ஸ்ட்ரெயின்ட் பொத்தான்களின் மூதாதை அதுதான். சாமுவேல் கெய்ஸ்பெர்க் தொடங்கிய நிறுவனத்தின் ப்ரோ/இன்ஜினியர், 1980களின் பிற்பகுதியில், அளவுகளே மாடலை ஓட்டும் என்ற முறையை முப்பரிமாணத் தொழிற்சாலை வேலைக்குக் கொண்டுவந்தது.

சால்வர் உள்ளே என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருப்பதும் உதவும். ஒரு கோட்டுக்கு இரண்டு முனை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண், ஆக நான்கு. செவ்வகத்துக்கு நான்கு கோடு என்றால் பதினாறு. மூலைகளை ஒட்டினால் எட்டு போகும். கிடைமட்டம், செங்குத்து என்று சொன்னால் இன்னும் நான்கு போகும். மிச்சம் நான்கு: நீளம், அகலம், இடம் சொல்ல இரண்டு. அந்த நான்குதான் நீங்கள் சொல்லியாக வேண்டியவை. ஐந்தாவதாக ஒரு டிரைவிங் அளவைச் சொல்லப் போனால் அது தேவையற்றதாகவோ முரண்பாடாகவோதான் இருக்கும். ஐந்தாவது அளவைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் அது நீலமாக இருக்கட்டும்.

நீல அளவு சும்மா பார்ப்பதற்குத்தானே, அதில் என்ன பெரிய பயன் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது காவல். நம் பிளேட்டில் மோட்டார் உடம்பின் விளிம்புக்கும் பேரிங் துளையின் விளிம்புக்கும் நடுவே ஒரு ரெஃபரன்ஸ் அளவு போட்டு வைப்பேன். மோட்டார் 42.3 சதுரம், பாதி 21.15. 608 பேரிங்கின் வெளி விட்டம் 22, பாதி 11. பெல்ட் 200 என்றால் நடுவில் 47.85 இருக்கிறது, கவலையே இல்லை. இடம் குறைவு என்று யாராவது 110 மி.மீ. பெல்ட்டுக்கு மாற்றினால் மையத் தூரம் 35 ஆகும், அந்த நீல எண் 2.85க்கு இறங்கும். பேரிங் ஹவுசிங்குக்கு 3 மி.மீ. சுவர் வைப்பதாக இருந்தால் அது மோட்டாரில் இடிக்கும். ஸ்கெட்ச் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அழகாகத் தீர்ந்திருக்கும். கணிதத்துக்கு அதில் குறை தெரியாது. அந்த ஒற்றை நீல எண் மட்டும்தான் உண்மையைச் சொல்லும்.

பட்டறைக்குப் போகும் டிராயிங்கிலும் இந்தப் பிரிவு அப்படியே தொடர்கிறது. அடைப்புக்குறிக்குள் வரும் அளவு தகவலுக்காக மட்டும் என்பது ஏ.எஸ்.எம்.இ., ஐ.எஸ்.ஓ. இரண்டு டிராயிங் முறைக்கும் பொது. மூன்று 40களை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் கூட்டல் கழித்தல் 0.1 என்று கொடுத்துவிட்டு, மொத்தம் 120க்கும் கூட்டல் கழித்தல் 0.1 என்று எழுதினால் லேத்தில் நிற்பவர் எதைக் கேட்பார்? மூன்று 40களும் தத்தம் எல்லைக்குள் இருந்தாலே மொத்தம் 119.7 முதல் 120.3 வரை போகலாம். 120ஐ அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அல்லது 120தான் முக்கியம் என்றால் ஒரு 40ஐ அடைப்புக்குறிக்குள் தள்ளுங்கள். எது முக்கியம் என்ற முடிவை டிராயிங் போடுபவர் எடுக்காவிட்டால் அது மெஷினில் நிற்பவர் தலையில் விழும்.

இதற்கு நேர்மாறாக, சார்ந்த அளவை வேண்டுமென்றே எழுதிக் கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. துளை மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம் (பி.சி.டி.) 100 மி.மீ., அதில் 9 மி.மீ. துளை ஆறு. பி.சி.டி.யை வெர்னியரால் நேராக அளக்க முடியாது. மையத்தில் அளக்க ஒன்றுமே இல்லை. ஆறு துளை என்றால் பக்கத்துத் துளைகளின் மையத் தூரம் ஆரத்துக்குச் சமம், 50. வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு 59. இந்த 59ஐ ரெஃபரன்ஸாக டிராயிங்கில் போட்டால் இன்ஸ்பெக்‌ஷனில் இருப்பவர் கால்குலேட்டரைத் தேட வேண்டாம், வெர்னியரை வைத்துப் பார்த்துவிடுவார். துளை எட்டு என்று மாறினால் மையத் தூரம் 38.27 ஆகும், வெளி அளவு 47.27 ஆகும். ரெஃபரன்ஸ் என்பதால் அது தானாகவே மாறியிருக்கும்.

ஃப்ரீகேடில் அடிக்கடி கேட்கப்படும் சிக்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரெட்ஷீட்டிலிருந்து ஸ்கெட்ச் பெல்ட் பல்லை எடுத்துக்கொள்கிறது. அதே ஸ்பிரெட்ஷீட்டின் வேறொரு கட்டத்தில், ஸ்கெட்ச்சின் ரெஃபரன்ஸ் அளவை எடுத்து மீதி இடம் எவ்வளவு என்று காட்ட நினைக்கிறீர்கள். வெவ்வேறு கட்டங்கள்தானே, என்ன தப்பு? ஆனால் ஃப்ரீகேட் கட்டம் கட்டமாகச் சார்பைப் பார்ப்பதில்லை, முழு ஸ்பிரெட்ஷீட்டையும் ஒரே பொருளாகப் பார்க்கிறது. ஸ்கெட்ச் ஷீட்டைச் சார்ந்தது, ஷீட் ஸ்கெட்ச்சைச் சார்ந்தது என்று வட்டமாகிவிடும், பிழை வரும். தீர்வு எளிது: இரண்டு ஷீட். ஒன்று கொடுப்பது, இன்னொன்று வாங்குவது. இப்படிப் பிரித்து வைப்பது பிழையைத் தவிர்ப்பதற்கு மட்டுமல்ல, படிப்பவருக்கும் பெரிய வசதி. எதைத் தொடலாம், எதைப் பார்க்க மட்டும் செய்யலாம் என்பது ஷீட்டின் பெயரிலேயே தெரிந்துவிடும்.

அதே போல, ஒரு ஸ்கெட்ச்சின் ரெஃபரன்ஸ் அளவை அதே ஸ்கெட்ச்சின் எக்ஸ்பிரஷனுக்குள் கொண்டுவர வேண்டாம். எக்ஸ்பிரஷன் முதலில் கணக்கிடப்படும், ஸ்கெட்ச் அதற்குப் பிறகுதான் தீரும், ரெஃபரன்ஸின் புது மதிப்பு அதற்கும் பிறகே வரும். ஆகவே ஒரு சுற்றுப் பழைய எண்ணை வைத்து வரைய நேரிடும். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், எண் மட்டும் பின்தங்கியிருக்கும். இது மிக மோசமான வகைப் பிழை, கண்டுபிடிக்கவே நேரமாகும்.

அலகு விஷயத்தில் ஃப்ரீகேட் கறாரானது. மி.மீ. உள்ள அளவோடு வெறும் 5ஐக் கூட்டினால் ஏற்காது, 5 மி.மீ. என்றே எழுத வேண்டும். சிலருக்கு இது எரிச்சல். எனக்கு இது பிடித்திருக்கிறது, பல்லையும் மில்லி மீட்டரையும் தெரியாமல் கூட்டிவிடுவதை இதுதான் தடுக்கிறது.

கடைசியாகச் சோதனை. மூல அளவுகளை அவற்றின் இரு கோடிக்கும் தள்ளிப் பார்க்காமல் எந்த ஸ்கெட்ச்சையும் நான் முடிந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. பெல்ட்டை 55 பல்லுக்குக் குறைத்துப் பார்க்க வேண்டும், 200 பல்லுக்குக் கூட்டிப் பார்க்க வேண்டும். சால்வர் எண்களால் தேடித் தீர்வு காண்கிறது. பழைய வடிவத்திலிருந்து பெரிய தாவலாகத் தாவினால், சமன்பாட்டுக்குச் சரியான, ஆனால் நமக்குத் தேவையில்லாத இன்னொரு தீர்வில் போய் விழலாம். தொடுகோடு வட்டத்தின் மறுபக்கம் போய் ஒட்டும், முக்கோணம் குப்புறக் கவிழும். அப்படி நடந்தால் ஒரு கிடைமட்டக் கட்டுப்பாடோ சமச்சீரோ சேர்த்து, தவறான தீர்வுக்கு வழியே இல்லாமல் செய்துவிடுங்கள்.

உங்களிடம் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து மூல அளவு ஒன்றை மாற்றிப் பாருங்கள். நகர வேண்டியது நகராமல் நின்றால், அங்கே இன்னும் ஒரு வெறும் 80 உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஒரு பெயர் வையுங்கள், எங்கிருந்து வந்தது என்பதை எக்ஸ்பிரஷனாக எழுதுங்கள். அடுத்தவருக்கு அனுப்பும்போது ஷீட்டின் முதல் வரியில் எது மூலம், ஏன் அது மூலம் என்று ஒரு வாக்கியம் சேர்த்து அனுப்புங்கள்.